கெஸ்ட் வைஃபை கொடுத்தா போதுமா? ஒரே ரவுட்டர், ரெண்டு குடும்பம், உங்க பண விவரம்



தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் சொந்த வீடு வெச்சிருக்கறவங்க நிறைய பேர் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பாங்க. கீழ ஓனர், மாடியில டெனன்ட். கிழக்குத் தாம்பரம்னா கிறிஸ்டியன் காலேஜ் பசங்க, சானடோரியம்னா மெப்ஸ்ல வேலை பாக்கறவங்க, குரோம்பேட்டைன்னா எம்ஐடி மாணவர்கள். இந்த வீடுகள்ல அடிக்கடி காதுல விழற பேச்சு இது: "எதுக்குப்பா ரெண்டு கனெக்‌ஷன்? நம்ம லைனையே யூஸ் பண்ணிக்கோங்க, பாதிப் பணம் குடுத்துடுங்க."

கணக்குப் பாத்தா நியாயமான யோசனைதான். 700 ரூபாய் பிளான்னு வெச்சுக்குவோம். 18% ஜிஎஸ்டி சேர்த்தா 826 ரூபாய். ரெண்டாப் பிரிச்சா ஆளுக்கு 413. தனித்தனியா வாங்கறதோட ஒப்பிட்டா, வருஷத்துக்கு ஆளுக்கு 4,956 ரூபாய் மிச்சம்.

கொஞ்சம் விவரம் தெரிஞ்ச ஓனர் மெயின் பாஸ்வேர்டைக் கொடுக்க மாட்டார். ரவுட்டர் ஆப்ல "கெஸ்ட் நெட்வொர்க்"னு ஒரு பட்டன் இருக்கும். அதை ஆன் பண்ணி, வேற பேரு, வேற பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்துடுவார். "அவங்க வேற, நாம வேற" அப்படின்னு நிம்மதியா இருப்பார்.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் இருக்கான்னு பாக்கறதுதான் இந்தப் பதிவு. சுருக்கமான பதிலை முதல்லயே சொல்லிடறேன். கெஸ்ட் நெட்வொர்க் சில வீடுகள்ல ஒழுங்காப் பிரிக்குது, சில வீடுகள்ல பாதி பிரிக்குது, சில வீடுகள்ல சுத்தமாப் பிரிக்கறதே இல்ல. பேரை மட்டும் பாத்து எது நம்ம வீடுன்னு கண்டுபிடிக்க முடியாது. சோதிச்சுப் பாத்தாதான் தெரியும்.

ஒரு சிஏ ஏன் ரவுட்டர் பத்திப் பேசணும்?

ஒரு எடுத்துக்காட்டு வீட்டை எடுத்துக்குவோம். ஜூலை மாசம், ரிட்டர்ன் ஃபைல் பண்ற நேரம். ஹால்ல ஒரு லேப்டாப். அதுல "ஐடி ஃபைலிங்"னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள குடும்பத்துல நாலு பேரோட பான் கார்டு, ஆதார் நகல், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், கேன்சல் பண்ண செக்கோட போட்டோ. பெட்ரூம் கம்ப்யூட்டர்ல இருந்தும் திறக்கணும்னு அந்த ஃபோல்டரை "எவ்ரிஒன்" அப்படின்னு ஷேர் பண்ணியிருக்காங்க. பக்கத்துல வைஃபை பிரிண்டர், ஸ்கேன் பண்ணின பழைய பக்கங்கள் அதோட நினைவகத்துல இருக்கலாம். வாசல்ல சிசிடிவி, அதோட டிவிஆருக்கு வாங்கின அன்னைக்கு இருந்த அதே பாஸ்வேர்ட். வீட்டம்மா ஜிஎஸ்டி வேலை செய்யறவங்களா இருந்தா, இன்னும் பத்துப் பதினைஞ்சு கிளையன்டோட டேலி பேக்கப்பும் அதே லேப்டாப்ல.

உங்க ஃபிக்ஸட் டெபாசிட் பேங்க்லதான் இருக்கு. ஆனா அந்தப் பணத்துக்கு நீங்கதான் சொந்தக்காரர்னு காட்டற காகிதம் எல்லாம் வீட்டு நெட்வொர்க்ல இருக்கு. இந்தக் காகிதங்களை வெச்சு உங்க பேர்ல கடன் கேக்கலாம், சிம் மாத்தக் கேக்கலாம், "சார், உங்க ரீஃபண்ட் நிக்குது" அப்படின்னு உங்க பான் நம்பரையும் சம்பளத்தையும் சரியாச் சொல்லி உங்களையே நம்ப வைக்கலாம். அதனாலதான் இது பண விஷயம்.

மாடியில இருக்கற பையன் கெட்டவன்னு நான் சொல்லல. அவன் ரொம்ப நல்ல பையனா இருக்கலாம். ஆனா அவன் போன்ல எந்தெந்த ஆப் இருக்கு, அவன் ஃப்ரெண்டு லேப்டாப்ல என்ன வைரஸ் இருக்குன்னு அவனுக்கே தெரியாது. நெட்வொர்க்குக்குள்ள வர்றது ஆள் மட்டும் இல்ல, அவங்க கொண்டு வர்ற ஒவ்வொரு சாதனமும்தான்.

கெஸ்ட் நெட்வொர்க்னா உள்ளுக்குள்ள என்ன நடக்குது?

பெட்டி ஒண்ணுதான். ரேடியோவும் ஒண்ணுதான். அதே பெட்டி ரெண்டு பேர்ல அறிவிப்பு செய்யுது, அவ்வளவுதான். ரெண்டையும் பிரிக்கறது உள்ள இருக்கற சாஃப்ட்வேர் விதிகள். அந்த விதிகள் மூணு வேலை செய்யணும்:

1. கெஸ்ட் பக்கம் இருக்கறவங்க உங்க லேப்டாப், பிரிண்டர், டிவிஆர் எதையும் தொடக்கூடாது.
2. ஒரு கெஸ்ட் இன்னொரு கெஸ்ட்டைத் தொடக்கூடாது.
3. கெஸ்ட் யாரும் ரவுட்டரோட அட்மின் பக்கத்தைத் திறக்கக்கூடாது.

இந்த மூணையும் எப்படிச் செய்யணும்னு வைஃபை தர விதிகள்ல முறையா வரையறுக்கல. அதனால ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோணின மாதிரி செய்யுது. ஒருத்தர் மூணும் செய்வார், ஒருத்தர் முதல் வேலையை மட்டும் செய்வார், ஒருத்தர் ரெண்டாவதை மட்டும் செஞ்சுட்டு "ஐசொலேஷன்"னு பேரு வெச்சிடுவார். பெட்டி மேல எல்லாத்துக்கும் "கெஸ்ட் நெட்வொர்க்"னு ஒரே வார்த்தைதான் அச்சாகும்.

சாதாரண வீடுகள்ல சுவர் எங்க உடையுது?

*ஒண்ணு, பேரு மட்டும் வேற.* ஃபைபர் கனெக்‌ஷனோட வர்ற ஓஎன்டி பெட்டிகள் பலதுல மூணு நாலு வைஃபை பேரு வரைக்கும் போட வசதி இருக்கும். ரெண்டாவது பேரை ஆன் பண்ணினா அது கெஸ்ட் நெட்வொர்க்னு நாமளே நினைச்சுக்கறோம். பல பெட்டிகள்ல அது அதே உள் நெட்வொர்க்குக்கு ரெண்டாவது வாசல், அவ்வளவுதான். பாஸ்வேர்ட் வேற, ஹால் அதே ஹால்.

*ரெண்டு, ஒரு டிக்.* "கெஸ்ட்கள் உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி", "கெஸ்ட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க அனுமதி" அப்படின்னு ரெண்டு டிக் பல ரவுட்டர்ல இருக்கும். என்னைக்கோ பிரிண்டர் வேலை செய்யலன்னு யாராவது டிக் பண்ணியிருப்பாங்க. திரும்ப எடுக்க மறந்திருப்பாங்க.

*மூணு, ஆக்சஸ் பாயின்ட் மோடு.* மாடியில சிக்னல் வரலன்னு ரெண்டாவது ரவுட்டர் வாங்கி, அதை ஆக்சஸ் பாயின்ட் மோடுல போடுவோம். அந்த மோடுல அது வெறும் சிக்னல் நீட்டிப்பான். முகவரி கொடுக்கறது, தடுக்கறது எல்லாம் கீழ இருக்கற மெயின் பெட்டி. மேல இருக்கற கெஸ்ட் நெட்வொர்க் யாருன்னே மெயின் பெட்டிக்குத் தெரியாது. அதனால சில மாடல்கள்ல இந்த மோடுல கெஸ்ட் வசதியே மறைஞ்சிடும். சிலதுல பட்டன் இருக்கும், பிரிப்பு இருக்காது.

*நாலு, ரவுட்டரைத் தலைகீழா வைக்கறது.* இதுதான் நிறைய பேருக்குப் புரியாத இடம். டெனன்ட்டுக்குன்னு தனி ரவுட்டர் வாங்கி, அதை உங்க ரவுட்டரோட லேன் போர்ட்ல செருகி விடுவோம். தனி ரவுட்டர், தனி சுவர்னு தோணும். ரவுட்டர் தனக்கு வெளிய இருந்து வர்றவங்களைத்தான் தடுக்கும், உள்ள இருந்து வெளிய போறவங்களைத் தடுக்காது. டெனன்ட் ரவுட்டருக்கு "வெளியே"ன்னா எது? உங்க வீட்டு நெட்வொர்க். அதனால டெனன்ட் உங்க பிரிண்டரையும் டிவிஆரையும் தாராளமா தொடலாம், நீங்கதான் அவரைத் தொட முடியாது. பூட்டு சரியான பூட்டு, கதவுல தப்பான பக்கம் மாட்டியிருக்கு.

*அஞ்சு, அட்மின் பக்கம்.* கெஸ்ட்ல இருந்து 192.168.1.1னு அடிச்சா லாகின் பக்கம் வருது, பாஸ்வேர்ட் பெட்டிக்குக் கீழ ஸ்டிக்கர்ல இருக்கறதுதான் அப்படின்னா, மத்த எந்தச் சுவரும் கணக்குல வராது. அங்க நுழைஞ்சவர் சுவரையே எடுத்துடலாம்.

இந்த அஞ்சும் அமைப்புத் தவறுகள். நம்மால சரி செய்ய முடியும். அடுத்து சொல்றது ரவுட்டருக்குள்ளயே இருக்கற பலவீனம்.

ஆராய்ச்சியாளர்கள் என்ன கண்டுபிடிச்சாங்க?

2010ல, புனேயில ஆராய்ச்சிப் பிரிவு வெச்சிருந்த ஏர்டைட் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தோட சோஹைல் அகமது, லாஸ் வேகாஸ் டெஃப்கான் மாநாட்டுல "ஹோல் 196" அப்படின்னு ஒரு ஓட்டையை விளக்கினார். வைஃபை தர விதிப் புத்தகத்தோட 196ஆம் பக்கத்துல இருந்த ஒரு வரியிலிருந்து வந்த பேரு அது. விஷயம் இதுதான்: வைஃபைல ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவி உண்டு. ஆனா "எல்லாருக்கும் அறிவிப்பு" அனுப்பறதுக்கு ஒரு பொதுச் சாவியும் உண்டு. அது உள்ள இருக்கற எல்லார் கையிலயும் இருக்கும். உள்ள இருக்கற ஒருத்தர் அந்தப் பொதுச் சாவியை வெச்சு, ரவுட்டர் பேசற மாதிரி நடிச்சு மத்தவங்களுக்குப் பொய்ச் செய்தி அனுப்பலாம்.

2019ல இஸ்ரேலோட பென் குரியன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மெயின் நெட்வொர்க்குக்கும் கெஸ்ட் நெட்வொர்க்குக்கும் நடுவுல ரகசியமாத் தகவல் கசியவிடும் வழிகள் வீட்டு ரவுட்டர்கள்ல இருக்குன்னு காட்டினாங்க. ரெண்டையும் ஒரே பெட்டி கவனிக்கறதால, ஒரு பக்கம் பெட்டியை பிஸியாக்கினா மறுபக்கம் அது தெரியும். அதையே தந்தி மாதிரி பயன்படுத்தலாம். இதுக்கு உள்ள ஏற்கனவே வைரஸ் இருக்கணும், வேகமும் குறைவு. நம்ம வீட்டுக்கு இது பெரிய பயம் இல்ல. ஆனா "ஒரே பெட்டிக்குள்ள முழுப் பிரிப்பு" அப்படிங்கற எண்ணத்தையே இது கேள்வி கேக்குது.

2023ல "மேக்ஸ்டீலர்" வந்துச்சு. உள்ள இருக்கற ஒருத்தர் உங்க சாதனத்தோட எம்ஏசி முகவரியைத் தானே போட்டுக்கிட்டு, உங்களுக்கு வர வேண்டிய பதில்களைத் தனக்கு வரவழைக்கறது. நீங்க ஆர்டர் பண்ணின பார்சலுக்கு, டெலிவரி பையன் வர்ற நேரத்துல உங்க வீட்டு வாசல்ல நின்னு வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டு வாங்கற மாதிரி.

2026 பிப்ரவரியில அமெரிக்காவின் சான் டியேகோல நடந்த என்டிஎஸ்எஸ் மாநாட்டுல, யுசி ரிவர்சைட், பெல்ஜியத்தோட கேயு லூவன் பல்கலைக்கழகக் குழு "ஏர்ஸ்னிட்ச்" ஆய்வை வெளியிட்டாங்க. சாதனங்களைப் பிரிச்சு வைக்கற இந்த வசதியை மட்டுமே குறி வெச்ச ஆய்வு இது. சோதிச்ச ஒவ்வொரு ரவுட்டரிலும் ஏதாவது ஒரு வழியாவது திறந்திருந்துச்சுன்னு சொல்றாங்க. அதுல ஒரு வழி ரொம்ப எளிமையானது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கிட்ட "ஏ பிளாக் ஆளை பி பிளாக்குக்கு விடாதே"ன்னு சொல்லியிருக்கு. அவரும் விடல. ஆனா அசோசியேஷன் ஆபீஸ்ல ஒரு கவரைக் கொடுத்தா, ஆபீஸ் பையன் அதை பி பிளாக்ல கொண்டு போய்க் கொடுத்துடறான். ரவுட்டர்லயும் அதேதான். நேரா அனுப்பினா தடுக்குது, "கேட்வே" வழியா சுத்தி அனுப்பினா அதுவே கொண்டு போய்ச் சேர்க்குது.

16 வருஷமா ஒரே இடத்துல வேற வேற விரிசல். இதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது: கெஸ்ட் பட்டன் ஒரு தடுப்பு. அதை மட்டும் நம்பி பண விவரத்தை வைக்கக் கூடாது.

அப்போ நெட் பேங்கிங் பணம் போயிடுமா?

இங்க பதற்றப்பட வேண்டாம். பேங்க் தளம், யுபிஐ ஆப் எல்லாம் உங்க போனுக்கும் பேங்குக்கும் நடுவுல தனியா பூட்டுப் போட்டுத்தான் பேசுது. கெஸ்ட் சுவர் உடைஞ்சாலும் பாஸ்வேர்ட் அப்படியே வெளிய தெரியாது. மேக்ஸ்டீலர், ஏர்ஸ்னிட்ச் மாதிரி தாக்குதல்ல கிடைக்கறதும் பெரும்பாலும் அந்தப் பூட்டு போட்ட பெட்டிதான்.

ஆபத்து சுத்து வழியில வருது. பிரேசில்ல 2011, 2012 வாக்கில சுமார் 45 லட்சம் வீட்டு மோடம்களோட டிஎன்எஸ் அமைப்பை மோசடிக்காரங்க மாத்தினாங்க. டிஎன்எஸ்னா இணையத்தோட முகவரிப் புத்தகம். பேங்க் பேரை சரியா அடிச்சாலும் போலித் தளத்துக்குக் கூட்டிட்டுப் போகும். அங்க மோடத்தோட ஓட்டை வழியா வெளிய இருந்து வந்தாங்க. நம்ம வீட்டுல அட்மின் பாஸ்வேர்ட் ஸ்டிக்கர்ல இருக்கறதே போதும், உள்ள இருந்தே மாத்தலாம்.

அதனால ஒரு விதி: பேங்க் தளத்துல "இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்ல"ன்னு எச்சரிக்கை வந்தா, "பரவாயில்ல, மேல போ"ன்னு அழுத்தவே கூடாது. வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுல பாருங்க.

சுவர் சரியா இருந்தாலும் தீராத ஒரு பிரச்சினை

கெஸ்ட் நெட்வொர்க் வீட்டுக்குள்ள மட்டும்தான் பிரிக்கும். வெளி உலகத்துக்கு ரெண்டு குடும்பமும் ஒரே முகவரி, ஒரே சந்தாதாரர் பேரு.

2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னாடி ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் போச்சு. அந்த ஐபி முகவரியைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில ஒரு அமெரிக்கர் வாடகைக்கு இருந்த வீட்டுல போய் நின்னாங்க. அவரோட வைஃபையை வேற யாரோ பயன்படுத்தியிருந்தாங்க. அதே வருஷம் செப்டம்பர் டெல்லி குண்டுவெடிப்பு மெயிலும் மும்பை செம்பூர்ல ஒரு தனியார் நிறுவனத்தோட வைஃபை வழியா போயிருந்துச்சு. இதுக்கப்புறம்தான் 2009ல தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பா வைக்கறது பத்தி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டுச்சு.

நம்ம ஊர்ல அந்த அளவுக்குப் போக வேண்டாம். டெனன்ட்டோட ஃப்ரெண்டு ஒரு ஆன்லைன் மோசடியில மாட்டினாலும், ஐபி முகவரி காட்டற பேரு பில் கட்டற உங்க பேருதான். குற்றம் செய்யலன்னு நிரூபிக்கலாம். அதுக்குள்ள லேப்டாப்பும் போனும் எத்தனை நாள் ஸ்டேஷன்ல இருக்கும்? ரிட்டர்ன் கடைசித் தேதி நெருங்கற நேரத்துல அந்த லேப்டாப்ல உங்க கிளையன்ட் டேலி இருந்தா? 4,956 ரூபாய் மிச்சத்தோட எதிர்ப்பக்கம் எழுத வேண்டிய செலவு இது.

15 நிமிஷ சோதனை

உங்க சொந்த நெட்வொர்க்ல, உங்க சொந்தச் சாதனங்களை வெச்சு மட்டும் செய்யுங்க. டெனன்ட்டோட போனையோ லேப்டாப்பையோ தோண்டிப் பாக்கறது தப்பு. அனுமதி இல்லாம அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள்ள போறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகள்ல வரும். வீட்டு ஓனருக்கும் அது பொருந்தும்.

1. பிரிண்டரோட நெட்வொர்க் மெனுவுல ஐபி முகவரியைக் குறிச்சுக்கோங்க. 192.168.1.20 மாதிரி இருக்கும். டிவிஆருக்கும் அதே மாதிரி.
2. உங்க போனை கெஸ்ட் வைஃபைல போடுங்க. மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க.
3. பிரவுசர்ல அந்த பிரிண்டர் முகவரியை அடிங்க. பிரிண்டரோட பக்கம் திறந்தா முதல் சுவர் இல்ல. டிவிஆரையும் பாருங்க.
4. 192.168.1.1 அடிங்க. போனோட வைஃபை விவரத்துல "கேட்வே"ன்னு காட்டற முகவரியையும் அடிங்க. ரவுட்டர் லாகின் வந்தா மூணாவது சுவர் இல்ல.
5. வீட்டுல இருக்கற இன்னொரு போனையும் கெஸ்ட்ல போட்டு, ஃபிங் மாதிரி நெட்வொர்க் ஸ்கேன் ஆப்ல பாருங்க. அந்தப் போன் லிஸ்ட்ல வந்தா ரெண்டாவது சுவர் பலவீனம். உங்க லேப்டாப் பேரும் வந்தா முதல் சுவரும் பலவீனம்.
6. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டு கெஸ்ட்டையும் தனித்தனியா சோதிங்க. ஒண்ணுல தடுத்து இன்னொண்ணுல விட்டிருக்கலாம்.

இதுல எல்லாம் பாஸ் ஆனா ஏர்ஸ்னிட்ச்சும் வராதுன்னு அர்த்தம் இல்ல. ஆனா சாதாரணமா நடக்கற தவறுகள் இதுலயே பிடிபட்டுடும். இன்னொண்ணு: மழைக்காலத்துல லைன் போய், ஆள் வந்து ஓஎன்டியை ரீசெட் பண்ணினாலோ மாத்தினாலோ, நீங்க போட்ட அமைப்பு எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும். அவர் கிளம்பின உடனே இந்தச் சோதனையை மறுபடி பண்ணுங்க.

சரி செய்யறது: செலவு வாரியா

*செலவே இல்லாதது:*

- ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. வைஃபை பாஸ்வேர்ட் வேற, இது வேற.
- டபிள்யூபிஎஸ் வசதியை ஆஃப் பண்ணுங்க. ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னு பாருங்க. டபிள்யூபிஏ3 இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க.
- மெயின் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீங்க. டபிள்யூபிஏ2ல பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஒருத்தர், அதே பேர்ல இணைஞ்சிருக்கற மத்தவங்க போக்குவரத்தைப் பிடிச்சுப் பிரிச்சுப் பாக்க வழி இருக்கு. ஏற்கனவே கொடுத்திருந்தா இன்னைக்கே மாத்துங்க. டெனன்ட் காலி பண்ணும்போது கெஸ்ட் பாஸ்வேர்டையும் மாத்துங்க.
- லேப்டாப்ல "எவ்ரிஒன்" ஷேரிங்கை எடுங்க. விண்டோஸ்ல நெட்வொர்க்கை "பப்ளிக்"னு வையுங்க. சுவர் உடைஞ்சாலும் லேப்டாப் தன் கதவைத் தானே மூடிக்கும்.
- பான், ஆதார், ஸ்டேட்மென்ட் இருக்கற ஃபைல்களுக்கு பாஸ்வேர்ட் போடுங்க. ரிட்டர்ன் முடிஞ்சதும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து பீரோவுல வெச்சிட்டு, ஷேர் ஃபோல்டரைக் காலி பண்ணுங்க.

*சுமார் 1,500 ரூபாய்:* ஒரு சாதாரண டூயல் பேண்ட் ரவுட்டர் வாங்குங்க. அது டெனன்ட்டுக்கு இல்ல, உங்களுக்கு. ஓஎன்டியோட வைஃபை டெனன்ட்டுக்கு. புது ரவுட்டரோட வேன் போர்ட்டை ஓஎன்டியோட லேன் போர்ட்ல இணைச்சு, உங்க சாதனங்களை எல்லாம் அதுக்குப் பின்னாடி கொண்டு வந்துடுங்க. மூணு விஷயம் கவனம்: ரவுட்டர் மோடுல இருக்கணும், ஆக்சஸ் பாயின்ட் மோடு கூடாது. முகவரி வரிசை வேறயா இருக்கணும், அதாவது அது 192.168.1னா இது 192.168.50. டிஎன்எஸ் முகவரியை நீங்களே இதுல போட்டுடுங்க. டிவியும் டிவிஆரும் இந்த உள் ரவுட்டரோட கெஸ்ட்ல இருக்கட்டும். டெனன்ட் இருக்கற நெட்வொர்க்ல டிவிஆரை விடாதீங்க.

இப்போ பூட்டு சரியான பக்கம் இருக்கு. முதல் வருஷமே 4,956ல 1,500 போனாலும் 3,456 ரூபாய் மிச்சம்தான்.

*தனி கனெக்‌ஷன்:* டெனன்ட் பேர்ல, அவரோட அடையாள ஆவணம் கொடுத்து, அவரே பில் கட்டற கனெக்‌ஷன். உங்க பேரு, ஐபி முகவரி சிக்கல் தீர்றதுக்கு இது ஒண்ணுதான் வழி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் மாறற வீடு, பேச்சிலர் பசங்க நாலு பேர் இருக்கற வீடு, வீட்டுலயே கிளையன்ட் வேலை செய்யறவங்க, இவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பத்து வருஷமா கூடவே இருக்கற குடும்பம்னா 1,500 ரூபாய் வழி போதும்.

டெனன்ட்டா இருந்து இதைப் படிக்கறவங்களுக்கு: இந்தச் சுவர் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல. ரவுட்டர் ஓனர் கையில. அவர் ரவுட்டர்ல யாராவது டிஎன்எஸ்ஸை மாத்தினா முதல்ல பாதிக்கப்படறது நீங்க. பேங்க் வேலையை மொபைல் டேட்டாவுல வெச்சுக்கோங்க.

ஏற்கனவே கசிஞ்சிருக்குமோன்னு சந்தேகமா?

- *கிரெடிட் ரிப்போர்ட்:* சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். மூணு மாசத்துக்கு ஒண்ணா வாங்கினா வருஷம் முழுக்க இலவசமா கண்காணிக்கலாம். தெரியாத கடன், தெரியாத விசாரணை இருக்கான்னு பாருங்க.
- *ஏஐஎஸ், 26ஏஎஸ்:* வருமான வரித் தளத்துல உங்களுக்குச் சம்பந்தமில்லாத வருமானமோ பரிவர்த்தனையோ உங்க பான்ல வந்திருக்கான்னு பாருங்க.
- *ஆதார்:* பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க. இனிமே நகல் கொடுக்கும்போது கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் கொடுங்க.
- *பணமே போயிருந்தா:* உடனே பேங்குக்கும் 1930க்கும் சொல்லுங்க. ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தப்பு உங்க மேலயும் இல்ல, பேங்க் மேலயும் இல்ல, மூணாவது ஆள் செஞ்சதுன்னா, பேங்க்ல இருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள புகார் கொடுத்தா உங்களுக்குப் பொறுப்பே இல்லன்னு இருந்துச்சு. 4 முதல் 7 வேலை நாள்னா சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உச்சவரம்பு 10,000 ரூபாயா இருந்துச்சு. அதுக்கு மேல தாமதமானா பேங்கோட பாலிசிப்படின்னு இருந்துச்சு. உங்க மேல தப்புன்னு நிரூபிக்க வேண்டியது பேங்கோட வேலைன்னும் அதுலயே இருந்துச்சு. ஓடிபி நீங்களே சொல்லியிருந்தா இந்தப் பாதுகாப்பு கிடைக்காதுன்னு இருந்துச்சு. உங்க பேங்க்ல இப்போ நடைமுறையில இருக்கற பாலிசியையும் ஒரு தடவை படிச்சு வெச்சுக்கோங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டே வேலை பண்ணுங்க. ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க, கெஸ்ட்ல இருந்து பிரிண்டர் முகவரியை அடிச்சுப் பாருங்க. பக்கம் திறந்தா, டெனன்ட் கிட்ட அடுத்த மாச வைஃபை பணம் வாங்கறதுக்கு முன்னாடி அந்த 1,500 ரூபாய் செலவைப் பண்ணிடுங்க.

உள் ரவுட்டரை எப்படி இணைக்கறதுன்னு கேபிளோட படிப்படியா நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல காட்டறேன். வீட்டு ஓனரா இருக்கற உங்க சொந்தக்காரங்களுக்கு இந்தப் பதிவை அனுப்புங்க.